பூதபுரியில் வாசித்த வேற்றுலகங்கள்: இணைய மிகைபுனைவுத் தொடர்கள் பற்றிச் சில கருத்துகள்

இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவரும் மிகைபுனைவுத் தொடர்களையும், அவற்றில் இருந்து அச்சுக்குப் போன ‘லைட் நாவல்’ வகை நூல்களையும் கடந்த சில மாதங்களில் தொடர்ந்து வாசித்தேன். ஜப்பானிய, கொரிய ஆக்கங்கள் அனைத்தையும் ஆங்கிலம் வழியாகவே வாசித்தேன். அவற்றைப் பற்றிய கருத்துகளே இக்கட்டுரை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் இருந்துகொண்டு வாசித்ததால், கருத்துகளிலும் அந்த இடத்தின் சாயல் இருக்கும். அதை மறைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஒரு கதை எங்கே வாசிக்கப்படுகிறது என்பதும் அதன் பொருளில் ஒரு பகுதிதான்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பின் சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று தொழிற்பேட்டைகள் விரிந்தன. வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். இவர்களைத் தவிர, காஞ்சிபுரம், அரக்கோணம், வந்தவாசி என்று தொலைவில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோவோரும் உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் பாதிப் பேர் உறங்குவார்கள். மீதிப் பேரின் முகத்தில் கைபேசி வெளிச்சம் இருக்கும். ரீல்ஸ் பார்ப்பவர்களே அதிகம். ஆனால் வரிவரியாக எதையோ வாசித்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற அத்தியாயம், முடிவில் ஒரு கொக்கி, உடனே அடுத்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அளந்து தைத்ததுபோன்ற வடிவம் இது.

வகைமை

லைட் நாவல் என்பது கைக்கு அடக்கமான அளவில், மாங்கா பாணிப் படங்களுடன், இளையோருக்காக ஜப்பானில் அச்சிடப்படும் நாவல். நம் ஊர்ப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல் வரிசைகளுக்கு உறவுமுறையில் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். 2004இல் தொடங்கிய ‘ஷோசெட்சுகா நி நாரோ’ என்ற ஜப்பானியத் தளம் யார் வேண்டுமானாலும் தொடர்கதை எழுதலாம் என்ற நிலையை உருவாக்கியது. தளத்தின் பெயருக்கே ‘நாவலாசிரியர் ஆவோம்’ என்றுதான் பொருள். அங்கே வாசகரைச் சேர்த்த தொடர்கள் பின்னர் லைட் நாவல்களாக, படக்கதைகளாக, அனிமேக்களாக மாறின. கொரியாவில் காக்காவோபேஜ், முன்பியா போன்ற தளங்களும், ஆங்கிலத்தில் ராயல் ரோடும் இதே வேலையைச் செய்கின்றன.

தொடர்கதை தமிழனுக்குப் புதிதல்ல. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரம்தோறும் வந்ததுதான். மர்மமும் தெய்வமும் கலந்த இந்திரா சௌந்தர்ராஜனின் தொடர்களும் அந்த மரபில் வந்தவையே. வேறுபாடு கதையின் இயங்குவிசையில் இருக்கிறது. இணையத் தொடர்களின் நாயகன் பெரும்பாலும் ‘லெவல்’ ஏறுகிறவன். அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு திரை தோன்றும். அதில் வலிமை இத்தனை, வேகம் இத்தனை என்று எண்கள் இருக்கும். எண் கூடக்கூடக் கதை நகரும்.

இலக்கு முடித்தால் பலன் உறுதி: ‘சோலோ லெவலிங்’

சுகாங் எழுதிய ‘சோலோ லெவலிங்’ 2016 முதல் 2018 வரை கொரிய மொழியில் தொடராக வந்தது. படக்கதை வடிவம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. 2024இல் அனிமேயாகவும் வந்தது. கதையில் வேறு உலகத்துக்கான வாயில்கள் திறக்கின்றன. அவற்றுக்குள் போய் மிருகங்களைக் கொல்லும் வேட்டைக்காரர்களுக்கு ஈ முதல் எஸ் வரை தரம் உண்டு. விழித்தெழும்போது என்ன தரமோ அதுதான் சாகும்வரை. சுங் ஜின்வூ கடைசித் தரமான ஈ. தாயின் மருத்துவச் செலவுக்காக, ஒவ்வொரு முறையும் அடிபட்டுக்கொண்டே அந்த வேலைக்குப் போகிறான்.

இந்தத் தொடக்கம் அருமையானது. தரம் பிறப்பிலேயே முத்திரை குத்தப்பட்டு வருகிறது, வேலை எல்லாருக்கும் ஒன்று, ஆபத்து கீழே இருப்பவனுக்கு அதிகம், கூலி அவனுக்குக் குறைவு. நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே லைனில் வெவ்வேறு அடையாள அட்டையோடு நிற்கும் இடத்தில் இதை வாசிப்பவருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

பிறகு ஜின்வூவுக்கு மட்டும் ‘சிஸ்டம்’ கிடைக்கிறது. அது தினமும் இலக்கு தருகிறது: 100 தண்டால், 100 சிட்-அப், 100 குந்தி எழுதல், 10 கிலோமீட்டர் ஓட்டம். முடிக்காவிட்டால் பூரான்கள் துரத்தும் பாலைவனத்தில் தண்டனை. முடித்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே, எண் கூடும். இந்தத் தொடரின் போதை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாளும் நிழல்படையும் வெறும் அலங்காரம். உழைப்புக்கும் உயர்வுக்கும் நடுவே ஒரு நேர்கோடு, நடுவில் மேலாளர் இல்லை, ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ இல்லை. ஷிப்டின் இலக்கை எட்டினால் நாளைக்கு இலக்கு கூடும் என்று மட்டும் அறிந்தவனுக்கு இதைவிடப் பெரிய மிகைபுனைவு எது?

ஆனால் கதை தன் முதல் கேள்வியைக் கைவிட்டுவிடுகிறது. தரம்பிரிக்கும் அந்த ஒழுங்கு நியாயமா என்று ஜின்வூ கேட்பதே இல்லை. தான் தப்பித்ததும் மற்ற ஈ தரத்தார் அவன் கண்ணில் இருந்து மறைகிறார்கள். பின்பாதியில் எல்லாரும் வாயைப் பிளந்து அவனைப் பார்க்கும் கூட்டம்தான். அந்த சிஸ்டத்தை ஒருவர் தம் நோக்கத்துக்காகவே அவன்மீது பொருத்தியிருக்கிறார் என்பது நடுவில் தெரியவருகிறது. இலக்கு வைத்தவன் யார், ஏன் வைத்தான் என்ற அந்த இடம்தான் கதையின் மிகக் கூர்மையான கணம். இரண்டு சண்டைகளுக்குள் அதைக் கடந்து போய்விடுகிறார் ஆசிரியர். அனிமேவை ரசித்துவிட்டு நாவலுக்கு வருவோர், முதல் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டாலும் இழப்பு பெரிதாக இருக்காது.

வேலை முடிந்து திரும்பும் வண்டியில்

‘ஆம்னிசியன்ட் ரீடர்ஸ் வியூபாயிண்ட்’ 2018 முதல் 2020 வரை முன்பியாவில் வந்த 551 அத்தியாயத் தொடர். சிங் சோங் என்பது எழுதியவர்களின் புனைபெயர். நாயகன் கிம் தோக்ஜா ஒரு நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர், ஒப்பந்தம் முடியப்போகிறது. சுரங்க ரயிலில் வீடு திரும்பும்போது கைபேசியில் ஓர் இணையத் தொடரை வாசிக்கிறார். 3,149 அத்தியாயங்கள் கொண்ட அந்தத் தொடரை இறுதிவரை வாசித்த ஒரே ஆள் அவர்தான். அன்று மாலை உலகம் அந்தத் தொடராகவே மாறிவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

வெட்டிவேலை என்று எல்லாரும் சொன்ன வாசிப்பு உயிர்காக்கும் அறிவாகிறது என்பது வாசகனைக் குளிர்விக்கும் உத்திதான். ஆனால் இந்த நாவல் அங்கே நிற்கவில்லை. மனிதர்கள் உயிருக்குப் போராடுவதை விண்மீன் கூட்டங்கள் எனப்படும் மேலுலகத்தார் நேரலையில் பார்க்கிறார்கள். பிடித்த காட்சிக்குக் காசு எறிகிறார்கள். தொக்கெபி என்ற கொரிய நாட்டார் குறும்புப் பேய்கள் இடைத்தரகர்களாக நின்று காட்சிகளை அமைக்கின்றன. துயரம் எவ்வளவு ‘சுவையாக’ இருக்கிறதோ அவ்வளவு வருமானம். இதை வாசித்துக்கொண்டே அடுத்த அத்தியாயத்துக்காகத் தவிக்கும் நாமும் அந்த மேலுலகத்தார்தானே என்ற கூச்சத்தை நாவல் மெதுவாக உண்டாக்குகிறது. கதைக்குள்ளிருக்கும் கதாபாத்திரங்களுக்கு வாசகன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்பதே அதன் உண்மையான கேள்வி. ‘தோக்ஜா’ என்ற பெயரே கொரிய மொழியில் வாசகன் என்றும் பொருள்படும்.

நடுப்பகுதி தேவைக்கு மீறி நீள்கிறது. உலகப் புராணங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் திணிக்கப்படுவதால் யார் எந்த ஊர்த் தெய்வம் என்று கணக்கு வைக்க முடியவில்லை. இருந்தும் கடைசி 50 அத்தியாயங்களுக்காக அந்த நெரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம். சோலோ லெவலிங்கில் கூட இருப்பவர்கள் மங்கிப்போனார்கள். இங்கே ஒருவரைக் காப்பாற்றுவதற்காகவே முழுக் கதையும் திரும்பி நடக்கிறது.

காகிதம் செய்த சிறுமி

வாசித்தவற்றில் நான் அதிகம் மதிப்பது மியா கசுகியின் ‘அசென்டன்ஸ் ஆஃப் எ புக்வர்ம்’. 2013 முதல் 2017 வரை நாரோ தளத்தில் வந்தது. அச்சில் ஐந்து பாகங்கள், 33 தொகுதிகள். நூலகராகப் போகிற புத்தகப் பித்துப் பெண் ஒருத்தி நிலநடுக்கத்தில் புத்தகங்கள் சரிந்து விழுந்து இறக்கிறாள். இன்னோர் உலகில், ஏழைப் படைவீரரின் ஐந்து வயது நோயாளி மகள் மைனாக விழிக்கிறாள். அங்கே புத்தகம் பிரபுக்களுக்கு மட்டுமே உரியது. இல்லாததை நானே செய்துகொள்கிறேன் என்று தொடங்குகிறாள்.

இதில் வாள்வீச்சு இல்லை. இருப்பதெல்லாம் உற்பத்தி. முதலில் நாணல்போன்ற தண்டுகளைப் பின்னிப் பார்க்கிறாள். விரல் வலித்ததுதான் மிச்சம். களிமண் பலகை செய்கிறாள், சூளையில் வெடிக்கிறது. மரச்சீவல்களில் எழுதலாம் என்று சேர்த்துவைத்தால், அம்மா அதை விறகென்று அடுப்பில் வைத்துவிடுகிறாள். கடைசியில் மரப்பட்டையில் இருந்து காகிதம் செய்யத் துணிகிறாள். அதற்குப் பானை வேண்டும், சாம்பல் வேண்டும், சட்டம் வேண்டும், ஆணி வேண்டும். ஆணிக்கே வழியில்லை. தலைக்குத் தேய்க்கும் ஒரு திரவத்தின் செய்முறையை வணிகர் பென்னோவிடம் விற்று முதல் திரட்டுகிறாள். காகிதம் வந்ததும் தோல்தாள் செய்வோரின் சங்கம் எதிர்க்கிறது. ஒப்பந்தப் பத்திரங்களுக்குத் தோல்தாள், மற்றவற்றுக்குக் காகிதம் என்று சமரசம் ஏற்படுகிறது.

மூலப்பொருள், கருவி, முதல், கைத்திறன், சந்தை, எதிர்ப்பு ஆகிய இத்தனையையும் கதையின் சாகசமாக மாற்றிய மிகைபுனைவை நான் வேறு கண்டதில்லை. ஒரு பொருள் எத்தனை கைகள் தொட்டு உருவாகிறது என்பதை அறிந்தவர்கள் வாழும் இடத்தில் இது வாசிக்கப்பட வேண்டும். நமக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. பனையோலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி எழுதிய மரபும், 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான வரலாறும் நம்முடையவை. தரங்கம்பாடியில் காகிதத் தட்டுப்பாட்டினால் தமிழ் எழுத்துருக்களைச் சிறிதாக வார்த்தார்கள்; பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள். மைனின் சிக்கல்கள் அப்படியே அவை. தமிழில் அதை யாரும் இவ்வளவு சுவையான தொடராக எழுதியதாக நான் வாசித்ததில்லை.

குறையும் இருக்கிறது, அதுவும் சிறியதல்ல. இரண்டாம் பாகத்தில் மைன் கோயிலின் அனாதை விடுதியில் பட்டினி கிடக்கும் பிள்ளைகளைக் கண்டு, அவர்களைக் கொண்டே காகிதப் பட்டறை தொடங்குகிறாள். வேலை செய்கிறார்கள், அதனால் சாப்பிடுகிறார்கள். பட்டினியைவிட அது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் சோற்றுக்காக உழைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் செய்யும் பொருளுக்கும் இடையே உள்ள கணக்கை ஆசிரியர் கூர்ந்து பார்ப்பதில்லை. மைன் நல்லவள் என்பதால் எல்லாம் நன்றாகவே முடிகிறது. முதலாளி நல்லவர் என்ற ஒரே ஆதாரத்தில் நிற்கும் ஏற்பாடு எவ்வளவு நாள் நிற்கும் என்று இந்தத் தடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாம் பாகத்தில் அவள் பிரபுவின் வளர்ப்பு மகளான பிறகு பட்டறையின் புகையும் பிசினும் தொலைவுக்குப் போய்விடுகின்றன. விருந்து, வாரிசு, அரண்மனை அரசியல் முன்னுக்கு வருகின்றன. முதல் இரண்டு பாகங்களின் தகப்பன் குந்தரும் தோழன் லுட்ஸும் இல்லாத அத்தியாயங்களில் கதை குளிர்ந்துவிடுகிறது.

லாரியும் மறுபிறவியும்

வேற்றுலக மறுபிறவிக் கதைகளில் நாயகனை லாரி மோதிக் கொல்வது ஒரு வழக்கம். ரசிகர்கள் அதற்குச் செல்லப்பெயர்கூட வைத்திருக்கிறார்கள். ‘முஷோகு டென்சே’யில் வேலையில்லாத 34 வயதுக்காரன் அப்படித்தான் செத்து, மந்திர உலகில் குழந்தையாகப் பிறக்கிறான். சிங்கபெருமாள்கோவில் சாலையிலும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் கன்டெய்னர் லாரிகளின் இடையே இருசக்கர வண்டியில் ஷிப்டுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நகைச்சுவை இறங்குவதில்லை. இந்த நாவலின் உலகக் கட்டுமானம் பெரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல பிற்காலத் தொடர்களுக்கு அதுதான் அச்சு. ஆனால் சிறுமிகளை அது பார்க்கும் பார்வை அருவருப்பானது. நாயகன் திருந்தும் கதை என்ற சமாதானம் அதற்குப் போதவில்லை. பள்ளி மாணவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அவர்களுக்கு ‘மதர் ஆஃப் லேர்னிங்’ நல்லது. 2011 முதல் 2020 வரை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இத்தொடருக்கு 108 அத்தியாயங்கள். நம்மவர் எழுதியிருந்தால் வேண்டுமென்றே அந்த எண்ணில் முடித்தார் என்று சொல்லியிருப்போம். மந்திரப் பள்ளி மாணவன் சோரியன் ஒரே மாதத்தில் சிக்கிக்கொள்கிறான். மாதம் முடிந்ததும் மீண்டும் முதல் நாள், தங்கை மேலே விழுந்து எழுப்புகிறாள். தப்பிக்க வழி கற்பது மட்டும்தான். முகம் சுளித்துத் திரிந்தவன், ஒரே நாட்களை மீண்டும் மீண்டும் வாழ்ந்து, பக்கத்தில் இருப்பவர்களை முதல்முறையாகக் கவனிக்கத் தொடங்குகிறான். உரைநடை தட்டையானது; சம்பவங்களின் கட்டுக்கோப்பு அபாரமானது.

வரமும் ஓட்டையும்

தமிழில் இணையத்திலேயே பிறந்த பெரும்புனைவு என்றால் ஜெயமோகனின் ‘வெண்முரசு’தான். 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக, ‘முதற்கனல்’ தொடங்கி ‘முதலாவிண்’ வரை 26 நாவல்கள். மகாபாரதத்தின் மறுஆக்கமான அதை இந்தத் தொடர்களின் பக்கத்தில் வைப்பது சிலருக்கு நெருடலாம். வடிவம் ஒன்று, அதனால் ஒப்பிடலாம். சொல்லப்போனால் ‘கிராதம்’ நாவலில் அர்ஜுனன் திசைக்காவலர்களின் உலகங்களுக்குப் போய்ப் படைக்கலங்கள் பெறுவது, லெவல் ஏறும் கதையின் எலும்புக்கூடேதான்.

வேறுபாடு எங்கே என்றால், அங்கே பெறுகிற ஒவ்வொன்றும் எதையாவது பறித்துக்கொள்கிறது. நம் கதைமரபில் வரம் என்றால் அதில் ஓர் ஓட்டை இருக்கும். இரணியனின் வரத்தில் அந்திப்பொழுது என்ற ஓட்டை. கர்ணன் பரசுராமரிடம் பெற்ற வித்தையில் தேவையான நேரத்தில் மறந்துபோகும் சாபம். லெவல் ஏறும் தொடர்களின் திறன்களுக்கு ஓட்டையே கிடையாது. கூடிக்கொண்டே போகும் சேமிப்புக் கணக்குதான். நான் மேலே பாராட்டியவற்றை மறுபடி பார்த்தால், மைனின் மந்திர ஆற்றல் அவள் உடலைத் தின்னும் நோயாகவே இருக்கிறது. தோக்ஜாவின் அறிவு அவரை மற்றவர்களிடம் இருந்து பிரிக்கிறது. ஓட்டை உள்ள வரங்கள் அவை. சலித்துப்போன தொடர்களில் எல்லாம் அது இல்லை.

வெண்முரசு எளிய நுழைவு அல்ல. வடசொல் தவிர்த்து உருவாக்கிய தனி மொழிநடை, முதல் இரண்டு வாரம் வாசகனை வெளியே நிறுத்திவைக்கும். போர் நாவல்களில் ஒரே அலை திரும்பத் திரும்ப அடிப்பதாகவும் எனக்குத் தோன்றியது. புதிதாகத் தொடங்குவோர் ‘வண்ணக்கடல்’ வழியாகப் போகலாம். தென்னகத்துப் பாணன் இளநாகன் வடக்கு நோக்கி நடக்கும் பயணத்தோடு சேர்ந்து நடக்க முடிகிறது. பயணம் நமக்குப் பழகிய வடிவம்.

மற்றபடி தமிழ் மிகைபுனைவு அரண்மனையையும் சித்தர் மலையையும் விட்டு அதிகம் இறங்கவில்லை. பிரதிலிபி போன்ற செயலிகளில் நான் பார்த்த தொடர்களிலும் இளவரசன், நாகமாணிக்கம், ஜமீன் பங்களா ஆகியவையே திரும்ப வருகின்றன. கைபேசியில் வாசிக்கும் கை எந்த இயந்திரத்தை இயக்கிவிட்டு வந்தது என்பது அங்கே தெரிவதில்லை. கொரியத் தொடர் தன் நாயகனை ஒப்பந்த ஊழியராக வைக்கத் தயங்கவில்லை.

இத்தனைக்கும் ஸ்ரீபெரும்புதூரின் தலபுராணமே தயாராக இருக்கிறது. சிவன் ஆடியபோது பூதகணங்கள் சிரித்துவிட்டன. வேலையில் இருக்கும்போது சிரித்த குற்றத்துக்காகக் கணங்கள் சாபம் பெற்று வெளியே தள்ளப்பட்டன. அவை இங்கே வந்து தவம் செய்தன; ஆதிகேசவப் பெருமாள் அருளால் ஆதிசேஷன் உண்டாக்கிய அனந்தசரஸ் தீர்த்தத்தில் மூழ்கி மீண்டன. அதனால் ஊருக்குப் பூதபுரி என்று பெயர். 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் என்று எல்லாரும் அறிவார்கள். பூதங்களை அநேகமாக மறந்துவிட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகிக் கூட்டமாக வெளியேற்றப்பட்ட கணங்கள், வேறோர் ஊரில் குளம் ஒன்றின் கரையில், திரும்ப அழைக்கப்படுவோமா என்று காத்திருக்கும் அந்த இடைப்பட்ட காலத்தில் என்ன பேசிக்கொண்டிருக்கும், யார் மன்னிப்புக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கும், யார் மாட்டேன் என்று சொல்லியிருக்கும், அதிலும் எது இன்னமும் அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்திருக்கும் என்பதைத் தலபுராணம் சொல்லவில்லை. நாள் ஓர் அத்தியாயம் என்று வைத்தாலும் 100 நாளுக்குத் தாங்கும்.